கூட்டம் எங்கே நடக்கிறது?

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, “அண்ணே, இந்த வருஷம் நீங்க பேசணும். தலைப்பு உங்க இஷ்டம்” என்றார். தலைப்பைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “நல்ல நாளும் அதுவுமா இது வேணுமாண்ணே?” என்று கேட்டார். “நம்ம சங்கப் பதிவேட்டில் காலமானவர்கள் பக்கத்தைப் புரட்டிப் பாருங்க தம்பி, அப்புறம் சொல்லுங்க” என்றேன். மறுநாள் அவரே கூப்பிட்டு, “பேசுங்கண்ணே” என்றார்.

அந்தப் பக்கத்தில் எங்கள் செட்டுக்காரர்கள் சிலர், அறுபது வயதைத் தொடாமலே போய்ச் சேர்ந்தவர்கள், இருக்கிறார்கள். பெயருக்கு நேரே மாரடைப்பு, மஞ்சள்காமாலை, சாலை விபத்து என்று எழுதியிருக்கும். உண்மைக் காரணம் ஊருக்குத் தெரியும், ஏட்டில் ஏறவில்லை.

நான் இந்தக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துவிட்டு, சென்னையில் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர் நலப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். மருத்துவனல்ல, போதகனும் அல்ல. குடியை விட நினைத்த மனிதர்களை ஒரு கதவு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டவன். அந்தக் கதவு எங்கே இருக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

முப்பத்தெட்டில் ஒருவர்

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-ல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் தளர்த்தினார்கள், 1974-ல் மறுபடி மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள், 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசின் டாஸ்மாக் நிறுவனமே ஏற்றது. கடையை மூட வேண்டுமா, திறக்க வேண்டுமா என்ற விவாதத்துக்கு வேறு மேடைகள் இருக்கின்றன. என் கவலை, இன்று ராத்திரி ‘இனிமே முடியாது, இதை விட்டுடணும்’ என்று நினைத்துக்கொண்டு படுக்கிற ஒரு மனிதரைப் பற்றியது. நாளைக் காலை அவர் எங்கே போவார்?

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் குடிப்பவர். குடிப்பவர் எல்லோரும் நோயாளிகள் அல்லர். ஆனால், நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போகிற நிலை ஒன்று உண்டு. அதைத்தான் குடிநோய் என்கிறோம். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-லேயே இதை நோய் என்று ஒப்புக்கொண்டது. டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்தி 2019-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு ஒரு கணக்குச் சொன்னது: குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றிருக்கிறார். மீதி 37 பேர்?

அந்த 37 பேரும் சும்மா இருந்தவர்கள் என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்தில் அவர்கள் செய்யாத முயற்சி இல்லை. கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார்கள். குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். சபரிமலைக்கு மாலை போடுவார்கள். ஒரு மண்டலம் சொட்டு தொடமாட்டார்கள். வீட்டில் விளக்கெரியும், ஆச்சி முகத்தில் சிரிப்பு வரும். மலை இறங்கி மாலையைக் கழற்றிய அன்றைக்கே பழைய கதை தொடங்கும்.

“சாமிக்குப் பயந்து நாற்பத்தெட்டு நாள் இருந்தவன், பொண்டாட்டி பிள்ளைக்காக இருக்கமாட்டானா?” என்று நாம் கேட்கிறோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த நாற்பத்தெட்டு நாளும் அவன் தனியாக இல்லை. காலையும் மாலையும் கூட்டு வழிபாடு, கூடவே விரதம் இருக்கிற பத்துப் பேர், முன்னே பலமுறை மலை ஏறிய ஒரு குருசாமி. மாலையைக் கழற்றியதும் அந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது, அவன் ஒண்டியாகிவிடுகிறான். அவனுக்கு வேண்டியது கலையாத ஒரு கூட்டம். அப்படி ஒன்று இருக்கிறது. பலருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஓர் ஓட்டல் வரவேற்பறையில் தொடங்கிய தேடல்

1935 மே மாதம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் என்ற ஊர். நியூயார்க்கிலிருந்து வியாபார விஷயமாக வந்த பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர், வந்த காரியம் தோற்றுப்போய், மேஃபிளவர் ஓட்டலின் வரவேற்பறையில் நிற்கிறார். பெருங்குடிகாரராக இருந்து, ஐந்து மாதமாகத் தொடாமல் இருப்பவர். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறது. இன்னொரு பக்கம் தொலைபேசியும், ஊர்த் தேவாலயங்களின் பட்டியலும். அவருக்கு ஒன்று தோன்றியது: ‘இந்த நேரத்தில் நான் இன்னொரு குடிகாரனோடு பேசியாக வேண்டும்.’

பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டார். அவர் சில பெயர்களைத் தந்தார். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, கடைசியில் ஹென்ரியெட்டா சீபர்லிங் என்ற அம்மையார் கிடைத்தார். அவருக்குத் தெரிந்த அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் குடியில் அழிந்துகொண்டிருந்தார். பெயர் டாக்டர் பாப் ஸ்மித். மறுநாள் இருவரும் சந்தித்தார்கள். கால் மணி நேரம்தான் என்று சொல்லிக்கொண்டு வந்த டாக்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். காரணம் எளிது. அதுவரை அவருக்கு எல்லோரும் புத்தி சொன்னார்கள். இவர் தன் கதையைச் சொன்னார். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பெயர் வெளியிடாத குடிநோயாளிகளின் கூட்டமைப்பு என்று பொருள். இன்று ஏறக்குறைய 180 நாடுகளில் இருக்கிறது. இந்தியாவுக்கு 1957-ல் வந்தது.

அந்த அமைப்பே ஒரு மனிதன் டெலிபோனைச் சுழற்றி, துணை தேடி அலைந்ததில் பிறந்தது. அன்றைக்கு அவருக்குப் போவதற்கு ஒரு கூட்டம் இல்லை. தேடினார், இரண்டு பேரானார்கள். இன்று தேடி அலுத்துப்போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தத் துறையில் மறக்க முடியாத பெயர் திருமதி சாந்தி ரங்கநாதன். டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்த அவருடைய கணவர் டி.டி.ரங்கநாதன் இளம் வயதிலேயே குடிநோய்க்குப் பலியானார். அந்தத் துக்கத்திலிருந்து எழுந்து, 1980-ல் கணவர் பெயரிலேயே சென்னையில் ஓர் அமைப்பைத் தொடங்கினார் சாந்தி. டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் அறிவது அதுதான். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பணக்கார வீட்டுத் துக்கம் என்று அதை மூடி மறைத்திருக்கலாம். அவர் வெளியே சொன்னார். திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் போட்டு, ஊர்க்காரர்கள் ஒத்துழைப்போடு அங்கேயே தங்கவைத்துச் சிகிச்சை தந்தார்கள். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களிடம் அங்கே தவறாமல் சொல்லுவது ஒன்று உண்டு: ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

பார்வையாளர்களையும் அனுமதிக்கிற திறந்த கூட்டங்கள் உண்டு. குடிநோயாளிகள் மட்டும் உட்காருகிற மூடிய கூட்டங்களும் உண்டு. வேலை நிமித்தம் நான் பல திறந்த கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூட வகுப்பறை, தேவாலயத்தின் பக்கத்து அறை, மருத்துவமனை மாடி என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நடக்கும். தேவாலயத்தில் நடப்பதால் மதம் மாற்றுவார்களோ என்று சிலர் பயப்படுகிறார்கள். இடம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே. தம்மை மீறிய ஒரு சக்தி என்று பேசுவார்கள். அது முருகனா, அல்லாவா, இயேசுவா, அந்தக் கூட்டமேயா என்பது அவரவர் முடிவு.

ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒருவர் எழுந்து பெயரை மட்டும் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்பார். எல்லோரும் வணக்கம் சொல்வார்கள். அவர் தன் கதையைச் சொல்வார். எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன், மூன்றே பகுதிதான். குறுக்கே யாரும் பேசமாட்டார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்லமாட்டார்கள். ஆட்டோ ஓட்டுபவர் பேசி உட்கார்ந்ததும் வங்கி மேலாளர் எழுந்திருப்பார். நடுவில் டீ உண்டு. உறுப்பினர் கட்டணம் கிடையாது. ஒரு பையோ உண்டியலோ சுற்றி வரும், முடிந்தவர்கள் போடுவார்கள். வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை என்பது அவர்கள் மரபு. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. விட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆசை இருந்தால் போதும்.

பன்னிரண்டு படிகள் என்று ஒரு வழிமுறை வைத்திருக்கிறார்கள். அதில் நான்காவது படி, தன்னைப் பற்றித் தானே ஒளிவுமறைவில்லாமல் கணக்கெடுப்பது. நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெட்டியடியில் உட்கார்ந்த பெரியவர்கள் ஐந்தொகை போடுவார்களே, வரவு பற்று இரண்டையும் மறைக்காமல், அதே காரியம்தான். முன்னே நடந்த அனுபவமுள்ள ஒருவர் புதியவருக்குத் துணையாக இருப்பார், ஸ்பான்சர் என்பார்கள். நான் சொன்ன குருசாமி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்குக் கை பரபரக்கும்போது போன் செய்ய ஓர் ஆள்.

இதனால் பலன் உண்டா என்று படித்தவர்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். 2020-ல் காக்ரேன் ஆய்வுக் குழுமம் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, அலசிப் பார்த்தது. ஏ.ஏ. பாதைக்கு முறையாக வழிகாட்டப்பட்டவர்களில் ஓராண்டுக்குப் பின் முழுமையாகக் குடியில்லாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர். மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 பேர். எல்லோரையும் காப்பாற்றும் மந்திரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், காசில்லாமல் கிடைக்கிற ஒன்று இவ்வளவு செய்கிறதே என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு பஸ் பயணங்கள்

எங்கள் செட்டு நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். பெயர் கிடையாது, ஊர் காரைக்குடிப் பக்கம். சொந்தத் தொழில், நல்ல குடும்பம். இந்த அரங்கில் இருக்கிறாரா என்று தயவுசெய்து திரும்பிப் பார்க்காதீர்கள்.

2011-ல் ஒருநாள் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். “அண்ணே, இவுக காலையில எந்திரிச்சா கை நடுங்குது. காப்பி டம்ளரைப் பிடிக்க முடியல. ஊத்துனாத்தான் நடுக்கம் நிக்குது. ஆனா விடணும்னு அவுகளே அழுகுறாகண்ணே.” நான் முதலில் சொன்னது, “தங்கச்சி, வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், முதலில் ஆஸ்பத்திரி.” இதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதை அடுத்து, இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவது, பிதற்றுவது, காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் மருந்தும் வைட்டமினும் கொடுத்து நிறுத்த வேண்டும்.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். உடம்பு தேறிவிட்டது. பதினோராம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்வது? அதுதான் கேள்வி. நான் ஊருக்கு வந்தேன். உள்ளூரில் கூட்டம் நடந்தாலும் போகமாட்டேன் என்றார். “பார்க்கிறவன் என்னடா நினைப்பான்?” பாரில் தினமும் பார்த்தவனெல்லாம் ஒன்றும் நினைக்கவில்லையா என்று கேட்கலாம், கேட்டால் வாதம் வளருமே தவிர வண்டி நகராது. “சரி, மதுரைக்குப் போவோம்” என்றேன்.

விசாரித்து ஒரு முகவரி வாங்கிக்கொண்டு, காரைக்குடியிலிருந்து பஸ் ஏறி இரண்டு பேரும் போனோம். கதவு பூட்டியிருந்தது. காவலாளி, “அந்தக் கூட்டமா? அது வியாழக்கிழமைக்கு மாறிப்போச்சே சார்” என்றார். திரும்பி வருகிற வழியில் நண்பர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். “மாப்ளே, நாம தேடிப் போனது பூட்டிக் கிடக்கு. தேடாதது வழியெல்லாம் போர்டு போட்டுத் திறந்து கிடக்கு பாரு” என்றார். அன்றைக்கு அவர் தனியாகப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்று பிற்பாடு அவரே சொன்னார்.

வியாழக்கிழமை மறுபடி போனோம். வாசலில் நின்ற ஒருவர், “புதுசா வர்றீங்களா? வாங்க, டீ இருக்கு” என்றார். பெயர் கேட்கவில்லை, தொழில் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை. அது மூடிய கூட்டம் என்பதால் நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து நண்பர் வெளியே வந்தார். ஒன்றும் பேசவில்லை. பஸ் மேலூரைத் தாண்டிய பிறகுதான், “ஒருத்தன் பேசினான்டா. எங்க வீட்ல ஒளிஞ்சிருந்து பார்த்தவன் மாதிரிப் பேசினான்” என்றார். சட்டைப்பையில் ஒரு பஸ் டிக்கெட். அதன் பின்பக்கம் ஒரு போன் நம்பர். அன்று ராத்திரியே அந்த நம்பரைக் கூப்பிட்டார். அடுத்த வியாழன் நான் வரவில்லை, அவரே போனார்.

நேர்கோடாகப் போய்விடவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு கல்யாண வீட்டில் மறுபடி தொட்டுவிட்டார். மூன்று வாரம் இருட்டு. பிறகு அதே அறைக்குத் தலை குனிந்து போனார். யாரும் ஏசவில்லை. “வாங்க, இன்னைக்கு முதல் நாள்” என்றார்களாம். அன்றிலிருந்து எண்ணி வருகிறார். பிறகு நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அவருக்குத் துணை கிடைத்தார். மதுரை போக முடியாத வாரங்களில் இரண்டு பேரும் ஒரு வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து கூட்டம் நடத்தினார்கள். இதற்கும் அவர்கள் மரபில் இடமிருக்கிறது: குடியை விடுவதற்காக இரண்டு மூன்று குடிநோயாளிகள் கூடினாலே, வேறு எந்த அமைப்போடும் தொடர்பு இல்லாத வரை, அது ஏ.ஏ. குழுதான்.

இன்று தேடுகிறவர்களுக்கு

என் நண்பர் தேடிய காலத்தைவிட இன்று வழிகள் கூடியிருக்கின்றன. வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, உடம்பு. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவைக் கேளுங்கள். 2025-ல் தமிழக அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. மனநலப் பிரிவு என்றதும் கூசவேண்டாம். பல் வலித்தால் பல் டாக்டர், அவ்வளவுதான்.

இரண்டு, தொலைபேசி. 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண். 14416 என்பது டெலி மானஸ் மனநல உதவி எண். பக்கத்தில் எந்த மையம், என்ன உதவி என்று கேட்கலாம். குடும்பத்தாரும் கூப்பிடலாம்.

மூன்று, கூட்டம். மதுரை, திருச்சி, சென்னை முதலிய நகரங்களில் ஏ.ஏ. குழுக்கள் இருக்கின்றன. இடமும் கிழமையும் மாறும், ஆகவே பழைய முகவரியை நம்பிக் கிளம்பாமல், முதலில் போன் செய்து, “இன்னைக்குக் கூட்டம் உண்டா, திறந்ததா மூடியதா, தமிழில் நடக்குமா?” என்று மூன்று கேள்வி கேளுங்கள். 2020 கொரோனா காலத்துக்குப் பிறகு கைப்பேசி வழியாகவும் கூட்டங்கள் நடக்கின்றன. ஊரில் முகம் காட்டக் கூசுகிறவருக்கு அது நல்ல முதல் படி.

நான்கு, ஒரு கூட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். மொழி ஒட்டாமல் இருக்கலாம், ஆட்கள் ஒட்டாமல் இருக்கலாம். ஐந்தாறு கூட்டமாவது போய்ப் பாருங்கள். அதன் பிறகும் ஒத்துவரவில்லை என்றால் மருத்துவர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, ஆலோசகர் இருக்கிறார். பாதை பல; தனியாக நடக்க வேண்டாம் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள்.

ஐந்து, வீட்டுப் பெண்களுக்கு. பத்திரிகையிலும் சுவரிலும் விளம்பரம் பார்த்திருப்பீர்கள்: குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று. செய்யாதீர்கள் தாய்மார்களே. டைசல்ஃபிரம் என்ற மருந்து இருக்கிறது. அதைத் தின்றுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிரே போகலாம். அதை மருத்துவர் சொல்லி, நோயாளி தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டும். உங்களுக்கென்றே தனிக் கூட்டம் உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-ல் தொடங்கிவைத்த ‘அல்-அனான்’ குடும்பக் குழு அது. கணவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். ‘நான் சரியாயிருந்தா அவுக குடிச்சிருக்கமாட்டாக’ என்று உங்களை நீங்களே நொந்துகொண்டிருந்தீர்களே, அந்தச் சுமையை இறக்கிவைக்கிற இடம்.

நம் சங்கம் செய்யக்கூடியது

இந்த மண்ணில் ஊர் நன்மைக்கென்று வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்துவைத்த வழக்கம் உண்டு. எந்த ஊருக்கு யாத்திரை போனாலும் தங்க இடமிருக்கட்டும் என்று காசி வரைக்கும் நகர விடுதி கட்டியவர்கள் நம் முன்னோர். 1947-ல் வள்ளல் அழகப்பர் கல்லூரி தொடங்கியபோது இந்த இடம் வெறும் பொட்டல் காடு. அப்படிப்பட்ட ஊரில், குடியிலிருந்து திரும்பி வருகிற யாத்திரீகனுக்கு ஓர் அறை கிடைக்காதா? வாரத்துக்கு ஒரு சாயங்காலம், ஒன்றரை மணி நேரம், பத்து நாற்காலி, ஒரு மின்விசிறி. ஏ.ஏ. இலவசமாகக் கேட்பதில்லை, சிறு வாடகையானாலும் கொடுத்துத்தான் இருப்பார்கள். இடம் வைத்திருக்கும் அன்பர்கள் யோசியுங்கள்.

இரண்டாவது, நம் சந்திப்புகள். மாலையில் ஓட்டல் அறையில் தனிக் கச்சேரி நடப்பது எனக்கும் தெரியும். அங்கே ஒருவர், “வேண்டாம்ப்பா, விட்டுட்டேன்” என்றால், “எங்களுக்காக ஒரு கட்டிங்” என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்களுக்கு அது விளையாட்டு. அவருக்கு அது உயிர். என் நண்பர் கல்யாண வீட்டில் விழுந்தது அப்படி ஒரு வார்த்தையில்தான்.

மூன்றாவது, மாணவத் தம்பி தங்கைகளுக்கு. உங்களில் சிலர் வீட்டில், அப்பா எந்த நிலையில் வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே படித்து மார்க் எடுத்திருப்பீர்கள். அது உங்கள் குற்றமுமல்ல, உங்கள் அவமானமுமல்ல. நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் சொல்லுங்கள். நான் சொன்ன எண்களை நீங்களும் கூப்பிடலாம். விடுதியில் ‘சும்மா ஒரு நாள்’ என்று தொடங்குகிற நண்பனைக் கேலி செய்யவும் வேண்டாம், காட்டிக்கொடுக்கவும் வேண்டாம். தனியே கூப்பிட்டுப் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. யாராவது உங்களிடம், “எனக்கு இதை விடணும் போல இருக்கு” என்று சொன்னால், அது ஒருவர் தன் மானத்தையெல்லாம் மடித்துவைத்துவிட்டுச் சொல்கிற வார்த்தை. மறுநாள் காலையில் அந்த மனம் மாறிவிடக்கூடும். ஆகவே அறிவுரை சொல்லி அந்த நேரத்தை வீணாக்க வேண்டாம். கூட்டம் எங்கே நடக்கிறது என்று நீங்கள் விசாரியுங்கள். பஸ் நேரம் பாருங்கள். கதவு பூட்டியிருந்தால் மறுபடி ஒருநாள் கூடப் போங்கள். உள்ளே போக உங்களுக்கு அனுமதி இல்லாவிட்டால் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருங்கள். உள்ளே நடப்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த சந்திப்புக்குள், சங்கப் பதிவேட்டில் அந்த ஒரு பக்கம் மட்டும் நீளாமல் இருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரியட்டும். அதற்கு நம் கையும் கொஞ்சம் உதவட்டும்.